மாறிப்போகும் நாயகர்களும் அவசரப்படும் கிளைக்கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஆறேழு பேர் கூடிச் சித்திரக்கதைகளைப் படித்துப் பேசுவது பல ஆண்டு வழக்கம். அண்மையில், பிறவியிலேயே அசாதாரண ஆற்றல் பெற்ற நாயகர் குழுவைப் பற்றிய அமெரிக்கச் சித்திரக்கதையான எக்ஸ்-மென் தொடரில் கிறிஸ் கிளேர்மாண்ட் 1975 முதல் 1991 வரை, பதினாறு ஆண்டுகள் எழுதிய இதழ்களையும், அவற்றோடு ஒட்டி வந்த எக்ஸ்-ஃபேக்டர் இதழ்களையும் வரிசையாகப் படித்து முடித்தோம். அந்த நாள்களில் எங்களோடு வந்து உட்கார்ந்தவர்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு குறைகளையே சுற்றி வந்தன. நேற்று வரை ஒரு குணத்தோடு இருந்த பாத்திரம் இன்று காரணமில்லாமல் வேறு ஆளாக நடந்துகொள்வது ஒன்று. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த கிளைக்கதை நாலு பக்கத்தில் அள்ளி முடியப்படுவது மற்றொன்று. அந்தக் கேள்விகளும் என் பதில்களும் கீழே உள்ளன.

மனிதர்கள் மாறுவது இயல்புதானே? பாத்திரம் மாறினால் அதை ஏன் குறை என்கிறீர்கள்?

மாறுவதைக் குறை என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொடரிலேயே அதற்கு மிக நல்ல சான்று மேக்னெட்டோ. 1963-இல் வெளிவந்த முதல் இதழில் அவன் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றி உலகை மிரட்டுகிற வழக்கமான வில்லன்தான். 1981-இல் வந்த 150-ஆம் இதழில், சண்டையின் நடுவே கிட்டி பிரைடு என்ற யூதச் சிறுமியைத் தாக்கிவிட்டு, அவள் இறந்துவிட்டாள் என்று எண்ணி அவளைத் தூக்கிப் பிடித்தபடி நிலைகுலைந்து போகிறான். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்தவன், தன்னைக் கொடுமைப்படுத்தியவர்களைப் போலவே தானும் ஆகிவிட்டதை அந்த நொடியில் காண்கிறான். அத்தோடு அவன் நல்லவனாகிவிடவில்லை. அங்கிருந்து ஐம்பது இதழ்கள், நான்கு ஆண்டுகள் கழித்துத்தான், 1985-இல் வந்த 200-ஆம் இதழில், அவன் பாரிஸ் நகரத்து நீதிமன்றத்தில் நிற்பதையும், பழைய பகைவரும் எக்ஸ்-மென்னின் ஆசானுமான சேவியரின் பள்ளிப் பொறுப்பை ஏற்பதையும் பார்க்கிறோம். இடையிலுள்ள இதழ்களில் அவனுடைய தயக்கத்துக்கும் தடுமாற்றத்துக்கும் எழுத்தாளர் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்த எவரும் 200-ஆம் இதழில் நின்று “இவன் எப்படி இப்படி ஆனான்?” என்று கேட்க மாட்டார்.

என் அளவுகோல் இதுதான். பாத்திரம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்; போகிற வழியை வாசகர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் இந்தத் தொடரில் மிகத் தெளிவான பிறழ்வு எது?

ஸ்காட் சம்மர்ஸ், அதாவது சைக்ளாப்ஸ், 1986-இல் செய்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஸ்காட்டின் காதலி ஜீன் கிரே 1980-இல், 137-ஆம் இதழில் இறந்துபோகிறாள். துக்கத்தைச் சுமந்து திரிகிற ஸ்காட், 1983-இல் அலாஸ்காவில் மேட்லின் பிரையர் என்ற விமானியைச் சந்திக்கிறான். முகத்தில் அவள் ஜீனேதான், குணத்தில் வேறொருத்தி. அந்த முகத்தைக் கண்டு முதலில் குழம்பி, பிறகு தெளிந்து, 175-ஆம் இதழில் அவளை மணக்கிறான். அவனுக்கு ஓய்வும் குடும்பமும் கொடுத்து, கதையிலிருந்து கௌரவமாக வழியனுப்பி வைப்பதே கிளேர்மாண்டின் எண்ணமாக இருந்தது. 201-ஆம் இதழில் கைக்குழந்தையும் இருக்கிறது.

அதே வேளையில் வெளியீட்டு நிறுவனமான மார்வெல், முதல் தலைமுறை எக்ஸ்-மென் ஐவரையும் மீண்டும் ஒன்றுசேர்த்து எக்ஸ்-ஃபேக்டர் என்ற புதிய இதழைத் தொடங்கத் தீர்மானித்தது. அதற்கு ஜீன் உயிரோடு வேண்டும், ஸ்காட்டும் வேண்டும். முதல் இதழை எழுதியவர் கிளேர்மாண்ட் அல்லர், பாப் லேட்டன். அதில் ஜீன் பிழைத்திருப்பதாகத் தொலைபேசியில் செய்தி வருகிறது. மனைவியிடம் உள்ளதைச் சொல்லாமல், பச்சைக் குழந்தையையும் விட்டுவிட்டு ஸ்காட் கிளம்பிவிடுகிறான். அநாதையாக வளர்ந்தவன், பொறுப்பு என்ற ஒன்றையே தன் அடையாளமாகக் கொண்டவன், இருபதாண்டு வாசகர்கள் “கண்டிப்பானவன், ஆனால் கைவிட மாட்டான்” என்று நம்பியிருந்தவன், சில பக்கங்களில் அந்தப் பெயர் முழுவதையும் இழந்துவிட்டான்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஓர் அண்ணாச்சி, டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், அந்த இதழை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஏல, இவன் அப்படிப்பட்ட ஆளு கெடையாதேல” என்றார். சொல்லிவிட்டு 175-ஆம் இதழை மறுபடி எடுத்து, திருமணப் பக்கத்தைத் தேடிப் பிரித்து என்னிடம் நீட்டினார். அந்த நீட்டிய கையைவிடச் சரியான விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை. வாசகர் சான்றோடுதான் பேசுகிறார். பழைய பக்கம் அவர் கையில் இருக்கிறது.

ஸ்காட் மனைவியைப் பிரியவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இறந்தவள் திரும்பி வந்தால் எந்த மனிதனும் ஆடித்தான் போவான். அந்த ஆட்டத்துக்கு ஓர் ஆறு இதழ்கள் கொடுத்திருந்தால், அவன் செய்தது தவறாகவே இருந்தாலும், அவனுடைய தவறாக இருந்திருக்கும். இங்கே அது நிறுவனத்தின் தேவையாக மட்டும் நின்றுவிட்டது. அடுத்து எழுத வந்த லூயிஸ் சைமன்சன், அவனுடைய குற்ற உணர்வையே கதைப்பொருளாக்கிச் சரிசெய்ய மிகவும் பாடுபட்டார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் கறை போகவில்லை.

கிளைக்கதைகள் ஏன் இப்படி அவசரமாக முடிகின்றன? எழுத்தாளர்களுக்குத் திட்டம் இருக்காதா?

திட்டம் இருக்கும். லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் தொடரை எழுதிய பால் லெவிட்ஸ் கையாண்ட முறை ஒன்றை, டென்னிஸ் ஓ’நீல் தம் எழுத்துக் கையேட்டில் விளக்கியிருக்கிறார். ஒரே இதழில் முதன்மைக் கதை ஒன்று, அடுத்த நிலைக் கதை ஒன்று, இப்போதுதான் முளைவிடும் கதை ஒன்று எனப் பல இழைகள் ஓடும். முதன்மைக் கதைக்கு மிகுதியான பக்கங்கள். இரண்டாவதற்குச் சில பக்கங்கள். மூன்றாவதற்கு ஒரு பக்கமோ இரண்டு கட்டங்களோ போதும். முதன்மைக் கதை முடியும்போது இரண்டாவது மேலேறி அதன் இடத்தைப் பிடிக்கும், மூன்றாவது இரண்டாமிடத்துக்கு வரும். நம் நெல்வயலில் நாற்றங்காலும் நடவும் அறுவடையும் வெவ்வேறு வயல்களில் ஒரே நேரத்தில் நடப்பதைப் போல, எந்த மாதத்தில் இதழை எடுத்தாலும் ஏதோ ஒன்று விளைந்திருக்கும், ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும்.

இந்த ஒழுங்கைக் குலைப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன. எழுத்தாளர் மாற்றப்படுவார், விற்பனை குறைந்து தொடர் நிறுத்தப்படும், அல்லது பல தொடர்களை ஒன்றாகக் கோத்து ஒரு பெருநிகழ்வு நடத்தவேண்டும் என்று ஆசிரியர் குழு முடிவெடுக்கும். எக்ஸ்-மென் குடும்பத்து இதழ்களில் 1986-இல் ‘மியூட்டன்ட் மாஸகர்’ தொடங்கி இத்தகைய கிராஸ் ஓவர் கதைகள் வரிசையாக வந்தன. 1988, 1989-இல் வந்த ‘இன்ஃபெர்னோ’வில்தான் கைவிடப்பட்ட மேட்லினின் கதையும் முடித்துவைக்கப்பட்டது. ஒரே கதை இரண்டு முதன்மைத் தொடர்களுக்குள் மாறி மாறி ஓடியதால், ஒன்றை மட்டும் வாங்கியவருக்குப் பாதிக் கதைதான் கிடைத்தது. பேய்களும் நகர அழிவும் பக்கங்களை விழுங்கிவிட, கணவன் விட்டுச்சென்ற ஒரு பெண்ணின் நியாயமான கோபம், உலகை அழிக்க வந்த பூதகியின் வெறியாக மாற்றப்பட்டு, அவள் சாவோடு அடங்கிப்போனது.

கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நெருக்கடி புதிதன்று. சாமக்கொடைக்கு நேரமாகிவிட்டால் கோயில்காரர் ஒருவர் மேடையருகே வந்து, “அண்ணாவி, மணி ஆகுது, சுருக்குங்க” என்று காதில் சொல்லிவிட்டுப் போவார். சிறு வயதில் எங்கள் தெருக் கோயிலில் ஓர் அண்ணாவி அப்படிச் சுருக்கியதை மேடைக்குக் கீழேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வீசுகோலைச் சற்றே உயர்த்திக் குடக்காரரைப் பார்த்தார், அடி விரைந்தது, நாட்டு வளம், நகர வருணனை, படை எடுப்பு எல்லாவற்றையும் நாலு வரியில் தாண்டினார். ஆனால் மாடன் பிறக்கும் இடம் வந்ததும் வீசுகோல் தாழ்ந்தது, உடுக்கை மட்டும் தனியே ஒலித்தது, அந்த ஓர் இடத்தில் அவர் அவசரப்படவே இல்லை. சாமியாடி அருள் வந்து எழும்ப வேண்டிய இடம் அது என்று அவருக்குத் தெரியும். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்ற அந்த அறிவு இன்ஃபெர்னோவை எழுதியவர்களுக்கு அமைந்திருந்தால், பேய்களைச் சுருக்கிவிட்டு, ஸ்காட்டும் மேட்லினும் நேருக்கு நேர் பேசுகிற ஒரு முழு இதழை நமக்குக் கொடுத்திருப்பார்கள்.

இவை இரண்டும் வெவ்வேறு குறைகளா?

ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்றே நான் கருதுகிறேன். குணமாற்றம் என்பதே மெதுவாக வளர வேண்டிய ஒரு கிளைக்கதை. அதற்கு உரிய பக்கங்களைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது பிறழ்வு.

வேறொரு தொடரிலிருந்து சான்று வேண்டுமென்றால் கிரீன் லாண்டர்ன் ஹால் ஜோர்டானைப் பாருங்கள். 1959-இல் அறிமுகமான, அச்சமில்லாதவன் என்று பெயரெடுத்த நாயகன். அவனுடைய ஊரான கோஸ்ட் சிட்டி, சூப்பர்மேன் கதை ஒன்றில் அழிக்கப்படுகிறது. அதன்பின் 1994-இல் வந்த 48, 49, 50 ஆகிய மூன்றே இதழ்களில் அவன் துயரத்தில் மதியிழந்து, தோழர்களை வீழ்த்தி, கொலைகாரனாகிவிடுகிறான். முப்பத்தைந்து ஆண்டுக்கு மூன்று இதழ்கள்! ஊரே அழிந்தவன் சித்தம் கலங்குவது நம்பத்தக்கதுதான். நல்ல எழுத்தாளர் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக் கதை அதில் இருக்கிறது. அந்த இடத்தைக் கொடுக்காததால், பத்தாண்டு கழித்து 2004-இல், அச்சத்தின் வடிவான ஓர் அந்நிய சக்தி அவனுக்குள் புகுந்திருந்தது என்று ஒரு திருத்தம் எழுதி அவனை மீட்க வேண்டியதாயிற்று.

இத்தகைய திருத்தங்கள், ‘ரெட்கான்’ என்கிறார்களே, எல்லாமே தவறா?

இல்லை. முன்பு சொன்ன கதைக்குள் பின்னாளில் ஒரு புதிய உண்மையைச் செருகுவதுதான் ரெட்கான். மேக்னெட்டோ ஆஷ்விட்ஸில் இருந்தவன் என்பதும் 1963-இல் யாரும் சொல்லாத, பின்னால் சேர்த்த செய்திதான். அதைத் தெரிந்துகொண்டு பழைய இதழ்களைத் திரும்பப் படித்தால் அவனுடைய ஆவேசம் இன்னும் கனமாகிறது. மேட்லின் விஷயத்தில் நடந்தது நேர்மாறானது. அவள் உண்மையான பெண்ணே அல்லள், ஜீனின் உடலிலிருந்து ஒரு வில்லன் செய்த நகல் என்று சொல்லப்பட்டது. அதனால் ஸ்காட் விட்டுச்சென்றது மனைவியை அன்று என்று ஆகிறது. அலாஸ்காவும் திருமணமும் குழந்தையும் செல்லாத காசாகின்றன. பழைய பக்கங்களுக்குப் பொருள் கூட்டுகிற திருத்தத்தை நான் வரவேற்கிறேன். எழுதியவரின் பிழையை மூடுவதற்காக ஒரு பாத்திரத்தின் வாழ்க்கையையே பொய்யாக்குகிற திருத்தத்தை ஏற்க மாட்டேன்.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. முத்துப்பட்டன் கதையில், அந்தணனாகிய பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, குடுமியையும் பூணூலையும் களைந்து, தானும் அந்தத் தொழிலைச் செய்து அவர்களை மணக்கிறான். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றும் செருப்புக் காணிக்கை செலுத்துகிறார்கள். ஆனால் கதையின் வழக்கில் உள்ள வடிவத்தில், அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை அதைப் பிற்காலத்து இடைச்செருகல் என்று எடுத்துக்காட்டினார். அந்தச் செருகலை ஏற்றால் பட்டன் துறந்ததற்கே பொருளில்லாமல் போகிறது. மேட்லினை நகல் என்று சொன்னபோது எனக்கு இந்த இடந்தான் நினைவுக்கு வந்தது. இரண்டிலும் சங்கடமான ஓர் உண்மையிலிருந்து தப்பிக்க, பெண்ணின் பிறப்பையே மாற்றி எழுதிவிட்டார்கள். காணிக்கையாகத் தொங்கும் அந்தச் செருப்புகள் மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பிறழ்வுக்கு எழுத்தாளர் மட்டுமா காரணம்? ஓவியருக்குப் பங்கில்லையா?

உண்டு, சில வேளைகளில் ஒரே ஒரு கட்டத்தில். 1981-இல் வந்த அவெஞ்சர்ஸ் 213-ஆம் இதழில் ஹாங்க் பிம் தன் மனைவி ஜேனட்டை அறைகிறான். மன உளைச்சலில் கையை வீசும்போது தவறுதலாகப் பட்டுவிடுவதாகவே தாம் எழுதியிருந்ததாகவும், வரைந்து வந்தபோது அது ஓங்கி விட்ட அறையாக இருந்ததாகவும், திருத்த நேரமில்லாமல் அச்சுக்குப் போனதாகவும் எழுத்தாளர் ஜிம் ஷூட்டர் பின்னாளில் கூறியிருக்கிறார். கை எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்பதில் ஒரு மனிதனின் குணமே அடங்கிவிட்டது. அதன்பின் பிம்மைப் பற்றி யார் பேசினாலும் அந்தக் கட்டத்தைத்தான் பேசுகிறார்கள்.

நம் இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் இப்படி மாறியவர்கள்தாமே? அவர்களை மட்டும் ஏன் மன்னிக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த மாயாவி, 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தோன்றியபோது நல்லவன் அல்லன். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைகிற ஆற்றலை முதலில் குற்றத்துக்கே பயன்படுத்தினான். பின்னர் நிழற்படை என்ற உளவு அமைப்பின் உளவாளியானான். சில காலம் விசித்திர உடை மாட்டிய சூப்பர் ஹீரோவாகவும் ஆக்கப்பட்டு, பிறகு அந்த உடையும் கழற்றப்பட்டது. ஸ்பைடரும் (அமெரிக்க ஸ்பைடர்மேன் அல்லன், இவனும் பிரிட்டன் இதழ் நாயகன்) 1965-இல் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டு வந்தவன்தான். பிறகே குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கினான்.

மாயாவியின் உடை எனக்கும் பிடித்ததில்லை. அது வெறும் சந்தைக்காகச் செய்தது. மற்றபடி இவர்கள் தப்பியதற்குக் காரணம், அடிப்படைக் குணம் கைவிடப்படவில்லை என்பதே. ஸ்பைடர் நல்ல பக்கம் வந்தபின்னும் அவனுடைய அகந்தை குறையவில்லை. தன்னை மிஞ்சிய குற்றவாளி ஒருவன் இருப்பதைப் பொறுக்காமல்தான் அவர்களை ஒழிக்கிறான் என்று தோன்றும். பக்கம் மாறியவனிடம் பழைய ஆள் அப்படியே இருந்தான். ஸ்பைடரின் பிற்காலக் கதைகளை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதை அறிந்தபோது, அந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது.

கதை குதிப்பது தமிழ்ப் பதிப்பின் குறையாக இருக்கலாமல்லவா?

இருக்கலாம், பழைய புத்தகமாக இருந்தால் முதலில் பக்க எண்களைப் பாருங்கள். நெல்லைச் சந்திப்புக்கு அருகே ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய கதை ஒன்றில், மலையுச்சியில் மாட்டிக்கொண்ட நாயகன் அடுத்த பக்கத்தில் விருந்து உண்டுகொண்டிருந்தான். எழுதியவரைப் பல மாதங்கள் திட்டிக்கொண்டிருந்தேன். வேறொரு பிரதி கிடைத்தபோதுதான், என்னுடையதில் பதினாறு பக்க ஃபாரம் (சேர்த்து அச்சிட்டு மடித்த தாள்) ஒன்று தைக்கும்போதே விடுபட்டிருந்தது தெரிந்தது.

சிறுவர்களுக்கான கதைகளை இவ்வளவு ஆராய வேண்டுமா?

வேண்டும். பத்து வயதில் படித்த நாயகனை நாம் அறுபது வயது வரை நினைவில் வைத்திருக்கிறோம். சொன்ன சொல் மாறாதவனாக ஒருவனைக் காட்டி ஒரு பிள்ளையை நம்பவைத்த பிறகு, அந்த நம்பிக்கைக்கு எழுதுபவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

நாங்கள் கல்லூரி மாணவர்கள். சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோ தொடர் வரைந்துகொண்டிருக்கிறோம். இக்குறைகள் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

சென்ற மாதம் மூன்று தம்பிகள் தங்கள் கையெழுத்துப் பிரதியோடு வந்திருந்தார்கள். தாமிரபரணிப் படித்துறையில் தொடங்கும் கதை. நாயகனின் தோழன் ஐந்தாம் அத்தியாயத்தில் துரோகியாகிறான். அது எனக்குத் திடுக்கென்றிருந்தது, ஆனால் நம்பும்படியாக இல்லை. முதல் நான்கு அத்தியாயங்களையும் தரையில் பரப்பிவைத்து, அந்தத் தோழன் வருகிற கட்டங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடச் சொன்னேன். மொத்தம் ஏழு கட்டங்கள். ஏழிலும் அவன் சிரித்துக்கொண்டே நிற்கிறான்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் என்ன செய்யவே மாட்டார் என்பதை முதலில் எழுதுங்கள். கதையில் அவர் அதைச் செய்ய நேர்ந்தால், அதற்கு முன்னே எத்தனை கட்டங்களில் அவர் தடுமாறியிருக்கிறார் என்று எண்ணுங்கள். எத்தனை கிளைக்கதைகள் திறந்திருக்கின்றன என்று ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் போனால் புதியதைத் தொடங்காதீர்கள். இடம் போதவில்லையென்றால் சண்டையில் வெட்டுங்கள். இருவர் பேசிக்கொள்ளும் பக்கத்தில் கைவைக்காதீர்கள்.

அந்தத் தம்பிகள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். படித்துறையில் எல்லோரும் நாயகனைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். தோழன் மட்டும் கடைசிப் படியில் தனியே உட்கார்ந்து, நனைந்த தன் செருப்பைப் பிழிந்துகொண்டிருக்கிறான்.